ப்ளிஸ்ஸர்ட்: ஒரு சொல்லின் சரித்திரம்

1

வார்த்தைகளுக்குப் பிறந்த தேதி சொல்ல முற்படுகிறவர்களை நம்பக் கூடாது. அச்சில் ஏறுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை எத்தனையோ வாய்களில் புழங்கியிருக்கும். ஆனால் 'ப்ளிஸ்ஸர்ட்' என்ற ஆங்கில வார்த்தையின் விஷயத்தில், பிறந்த தேதி கிடைக்காவிட்டாலும் அது குணம் மாறிய தேதி கிடைக்கிறது. கடும் குளிரையும் பனியையும் சுமந்து வரும் புயலுக்கு இன்று உலகம் முழுவதும் பெயராகிவிட்ட இந்த வார்த்தை, முதலில் குளிரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இருந்தது. அதன் பழைய பொருள் அடி. பலமான ஓர் அறை.

1820களின் முடிவில் அமெரிக்காவில் இந்தப் பொருளோடு அது பதிவாகிறது. 1830களில் டேவி க்ராக்கெட்டின் பெயரில் வந்த புத்தகங்களில் இரண்டு விதமாக வருகிறது. ஓரிடத்தில் மானை நோக்கிச் சுட்ட துப்பாக்கிக் குண்டு 'ப்ளிஸ்ஸர்ட்'. இன்னோரிடத்தில், விருந்து மேஜையில் தன்னைச் சீண்டுகிறாரோ என்று சந்தேகப்பட்ட ஒரு பாதிரியாருக்குப் பதிலாகக் கொடுத்த வாய்ச் சூடு 'ப்ளிஸ்ஸர்ட்'. க்ராக்கெட் 1836ல் டெக்ஸாஸில், அலமோவில் இறந்துபோனார். அடுத்த முப்பது சொச்சம் வருஷங்களுக்கு அந்த வார்த்தை அச்சில் பெரிதாகத் தலை காட்டவில்லை.

1870 மார்ச் மத்தியில் அயோவா, மின்னஸோட்டா பிரதேசங்களை ஒரு பனிப்புயல் தாக்கிற்று. அயோவாவின் வட எல்லையில் எஸ்தர்வில் என்று ஒரு சின்ன ஊர். 'நார்தர்ன் விண்டிகேட்டர்' என்பது அங்கே வெளியான பத்திரிகை, ஓ. ஸி. பேட்ஸ் என்பவர் ஆசிரியர். ஏப்ரல் 23ந் தேதி இதழில் அந்தப் புயலைப் பற்றி எழுதும்போது இந்த வார்த்தை வருகிறது. மேற்கோள் குறிக்குள், ஒற்றை 'இஸட்' எழுத்தோடு. அடுத்த வார இதழில் மறுபடி வருகிறது. மேற்கோள் குறி அப்படியே இருக்கிறது, 'இஸட்' இரண்டாகிவிட்டது. ஒரு வார்த்தை தன் எழுத்துக்களைத் தேர்ந்துகொள்வதை ஒரே வார இடைவெளியில் பார்க்க முடிவது அபூர்வம்.

இதைத் தேடிக் கண்டுபிடித்தவர் ஆலன் வாக்கர் ரீட். 'ஓ.கே.'யின் மூலத்தைப் பின்னாளில் கண்டுபிடித்தவரும் அவர்தான். 1928லும் 1930லும் 'அமெரிக்கன் ஸ்பீச்' பத்திரிகையில் 'ப்ளிஸ்ஸர்ட்' பற்றி எழுதினார். எஸ்தர்வில் ஊரார் தங்கள் பங்குக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள்: ஊரில் 'மின்னல் எல்லிஸ்' என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு கோமாளி இருந்தான், முதலில் சொன்னவன் அவன்தான் என்று. இருக்கலாம். ஜெர்மன் குடியானவர்கள் மின்னலுக்குச் சொல்லும் 'ப்ளிட்ஸ்' என்பதிலிருந்து வந்தது என்றும் ஒரு வாதம் உண்டு. அதை அகராதிக்காரர்கள் இப்போது ஏற்பதில்லை. ஊதுவதற்கும் வீசுவதற்கும் ஆங்கிலத்தில் உள்ள பல வார்த்தைகள் இதே ஒலியில் தொடங்குகின்றன. வாயில் காற்றை அடைத்து விடுவிக்கிற அந்த ஒலியிலிருந்தே பிறந்திருக்கும் என்பதற்கு மேல் அவர்கள் போவதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது மேற்கோள் குறி. 'இது எங்கள் ஊர்ப் பேச்சு, மன்னிக்கவும்' என்று பத்திரிகைக்காரர் கூச்சப்படுகிறார். 1876 டிசம்பரில் அமெரிக்க அரசின் மாதாந்திர வானிலை அறிக்கையில் இந்த வார்த்தை வருகிறபோதும் இதே கூச்சம்தான்: உள்ளூர்ப் பேச்சில் இப்படி அழைக்கப்படுவது என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறது. ஒரு வார்த்தையின் மேலிருந்து மேற்கோள் குறி கழன்று விழ என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் அதன் சரித்திரம்.

2

ஆங்கிலத்தில் பனிப் பொழிவுக்கும் புயலுக்கும் வார்த்தைகள் இல்லாமல் இல்லை. பின் புதிதாக ஒன்று எதற்கு?

ஆங்கிலக் கவிதையில் பனியின் இடம் எது என்று பார்த்தால் பதில் கொஞ்சம் கிடைக்கிறது. எமர்ஸனின் பனிப்புயல் பற்றிய கவிதையில் காற்று ஒரு கொத்தன். இரவெல்லாம் கட்டிடம் கட்டிவிட்டுக் காலையில் போய்விடுகிறான். 1866ல் வந்த விட்டியரின் 'ஸ்னோ பவுண்ட்' அந்தக் காலத்து வாசகர்களைக் கொள்ளை கொண்ட நீள்கவிதை. வெளியே பனி வழியை அடைத்துவிட்டது. உள்ளே குடும்பம் கணப்பைச் சுற்றிக் கதை பேசிக்கொண்டிருக்கிறது. நியூ இங்கிலாந்தில் பனி என்பது வீட்டை இன்னும் வீடாக்கும் ஒரு சௌகரியம். பனியில் மனிதர்கள் சாவதைக் கவிஞர்கள் அறியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஜேம்ஸ் தாம்ஸனின் 1726ம் வருஷத்து 'வின்ட்டர்' கவிதையில் ஒரு குடியானவன் வழி தவறி விறைத்துப் போகிறான். வேர்ட்ஸ்வொர்த்தின் லூஸி க்ரே லாந்தர் விளக்கோடு அம்மாவை அழைத்துவரப் போய்த் திரும்பாத சிறுமி. ஆனால் அங்கே சாவு ஒரு விபத்து. ஒரு தனி ஆள், ஒரு துர்ப்பாக்கியம். மறு நாள் ஊர் பழையபடி இருக்கும்.

இந்தக் கவிதைகளைப் படித்த ஜனங்களும், படிக்காமலேயே இதே பாஷையைப் பேசிய ஜனங்களும், 1862ம் வருஷத்து ஹோம்ஸ்டெட் சட்டத்தை நம்பி மேற்கே போனார்கள். ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தம். டகோட்டா, நெப்ராஸ்கா சமவெளிகளில் மரமே கிடையாது. கனடாவிலிருந்து இறங்கும் காற்றைத் தடுக்க ஒரு குன்று இல்லை. மரம் இல்லாததால் புல் வேரோடிய மண்ணைச் செங்கல்லாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். அடுத்த வீடு அரை மைல், ஒரு மைல் தள்ளி. வீட்டுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் நடுவே கயிறு கட்டி வைத்து, புயலில் அதைப் பிடித்துக்கொண்டு பால் கறக்கப் போவார்கள். சொந்த முற்றத்தில் வழி தப்பிச் செத்தவர்கள் இருந்ததால் வந்த வழக்கம் இது.

பனியின் தன்மையே அங்கே வேறு. கடுங்குளிரில் உருவாகும் படிகத்தைக் காற்று அரைத்து மாவாக்கிவிடும். அது இமையில் ஒட்டிக் கண்ணை உறைய வைத்து மூடும். மூக்கில் ஏறி மூச்சை அடைக்கும். மேலேயிருந்து விழுவதும் தரையிலிருந்து கிளம்புவதும் ஒன்றாகிவிடுவதால் கீழ் மேல் தெரியாது. அப்போது வானம் பனியைப் பொழிகிறதா என்பதே முக்கியமில்லை. காற்று அறைகிறது. எஸ்தர்வில்காரர்கள் அடிக்குச் சொல்லும் வார்த்தையைத் தேர்ந்தது ஏன் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அந்த நிலத்தில் வெகு காலமாக வாழ்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. லகோட்டா மக்களின் பாஷையில் 'வனியெத்து' என்றால் குளிர்காலம். அதே வார்த்தைதான் வருஷத்துக்கும். ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒரு சித்திரம் என்று தோலில் வரைந்து சரித்திரம் வைத்திருந்தார்கள். பழைய ஆங்கிலக் கவிதையிலும் இத்தனை 'வின்ட்டர்' ஆண்ட அரசன் என்றுதான் வரும். நம்முடைய வருஷம் என்பதும் மழை என்று பொருள்படும் ஸம்ஸ்கிருத வார்த்தையிலிருந்து வந்ததுதான். எதைத் தாண்டிப் பிழைத்தோமோ அதைக் கொண்டு காலத்தை எண்ணுவது மனித சுபாவம். குடியேறியவர்கள் லகோட்டாக்களின் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், வார்த்தையை எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கிற நிலையில் யாரும் இல்லை.

1880 அக்டோபரில் ஆரம்பித்த குளிர்காலம் அடுத்த வசந்தம் வரை நீண்டது. ரயில் பாதைகள் மூடிப்போய் டகோட்டாவின் டி ஸ்மெட் போன்ற ஊர்களில் மாதக் கணக்கில் உணவு வண்டி வரவில்லை. அங்கே சிறுமியாக இருந்த லாரா இங்கல்ஸ் வைல்டர் அறுபது வருஷம் கழித்து, 1940ல், 'நீண்ட குளிர்காலம்' என்ற நாவலாக அதை எழுதினார். 'ப்ளிஸ்ஸர்ட்' அமெரிக்கப் பத்திரிகைகள் எங்கும் பரவியது அந்த 1880-81 குளிர்காலத்தில்தான். மேற்கோள் குறி தேய ஆரம்பித்தது.

3

1888 ஜனவரி 12, வியாழக்கிழமை. அதற்கு முந்தின நாட்களில் வாட்டிய குளிர் அன்று காலை சட்டென்று இளகிற்று. விவசாயிகள் மாடுகளை வெளியே ஓட்டினார்கள். வீட்டில் அடைந்து கிடந்த குழந்தைகள் கனத்த கோட்டு இல்லாமல் பள்ளிக்கூடம் போனார்கள். பகல் நடுவில் வடமேற்கே அடிவானத்தில் ஒரு கருஞ்சாம்பல் சுவர் எழுந்தது. கிழக்கு டகோட்டாவில் நண்பகலை ஒட்டி, நெப்ராஸ்காவில் பிற்பகலில், பள்ளி விடுகிற நேரத்தில், அது வந்து சேர்ந்தது. மான்டானாவின் ஹெலனா நகரில் நாலரை மணி நேரத்தில் வெப்பம் ஏறக்குறைய 50 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கிற்று.

மொத்தம் எத்தனை பேர் செத்தார்கள் என்பது இன்றும் முடிவாகவில்லை. வழக்கமாகச் சொல்லும் கணக்கு 235. உண்மையில் அதைவிட நிறைய என்றும், 500 வரை இருக்கலாம் என்றும் பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். தனிப் பண்ணைகளில் செத்தவர்களையும், உறுப்புகள் அழுகிப் பல வாரம் கழித்துச் செத்தவர்களையும் யார் எண்ணினார்கள்? செத்தவர்களில் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய குழந்தைகள் நிறையப் பேர். 'குழந்தைகளின் ப்ளிஸ்ஸர்ட்' என்றே அதற்குப் பெயர்.

நெப்ராஸ்காவின் ப்ளெய்ன்வியூவுக்குப் பக்கத்தில் லோயிஸ் ராய்ஸ் என்ற இளம் ஆசிரியைக்கு அன்று மூன்று குழந்தைகள் மீதி. பள்ளியில் எரிபொருள் தீர்ந்துவிட்டது. அவர் தங்கியிருந்த வீடு 200 கஜ தூரம். கூட்டிக்கொண்டு கிளம்பினார்; வழி கிடைக்கவில்லை. இரவெல்லாம் வெட்டவெளியில் கிடந்தார்கள். மூன்று குழந்தைகளும் ஒவ்வொருவராக அவர் பக்கத்திலேயே இறந்தார்கள். விடிந்ததும் அவர் தவழ்ந்து போய் வீட்டைச் சேர்ந்தார். பாதங்கள் இரண்டையும் வெட்டி எடுத்தார்கள். எட்டா ஷாட்டக் என்ற இன்னோர் ஆசிரியை ஒரு வைக்கோல் போரில் புகுந்துகொண்டு மூன்று நாள் உயிரோடு கிடந்தார். கால்களை இழந்து சில வாரங்களில் இறந்துபோனார். டகோட்டாவின் ஃப்ரீமன் ஊருக்கருகே, 1874ல் ருஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய, ஜெர்மன் பேசும் மென்னோனைட் குடும்பங்களின் ஐந்து பையன்கள் ஒன்றாகச் செத்துக் கிடந்தார்கள். ருஷ்யக் குளிர்காலங்களைப் பார்த்த ஜனங்கள் அவர்கள். குளிர் அவர்களுக்குப் புதிதில்லை. காலையில் வெயில் அடித்துவிட்டுப் பகலில் கொல்கிற குளிர் புதிது.

மின்னி ஃப்ரீமன் என்ற ஆசிரியைக்கு வேறு விதி. காற்று கூரையைப் பெயர்த்ததும் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒருவரும் சாகவில்லை. ஓமஹா தினசரி ஒன்று வீராங்கனைகளுக்கென்று நிதி திரட்டிற்று. பதின்மூன்று பேர் பிழைத்தார்கள் என்று ஒரு பாட்டு அச்சாகி விற்றது. முகம் தெரியாதவர்கள் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். குழந்தைகளை ஒரே கயிற்றில் பிணைத்து நடத்திப் போனார் என்பது கதையின் உச்சம். கயிறு இருந்ததா, குழந்தைகள் பதின்மூன்றா பதினாறா என்பதில் அன்று அங்கே இருந்தவர்களே பிற்பாடு ஒத்துப்போகவில்லை. கதைக்கு ஒரு கயிறு வேண்டியிருக்கிறது. ராய்ஸும் வீட்டைத் தேடித்தான் நடந்தார். ஒருவரைப் பற்றிப் பாட்டு வந்தது. இன்னொருவரோடு கூட நடந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. இருவருக்கும் நடுவே வித்தியாசம் தீரமா, காற்றின் திசையா என்று அந்தப் பாட்டை வாங்கியவர்கள் கேட்டிருப்பார்கள் என்று தோன்றவில்லை.

4

வானிலை முன்னறிவிப்பு அப்போது ராணுவத்தின் வேலை. சிக்னல் படைப் பிரிவு அதைப் பார்த்துக்கொண்டது. அதன் தலைவர் ஆடோல்ஃபஸ் க்ரீலி. 1881-84ல் ஆர்க்டிக்குக்குப் போய், கூட வந்தவர்களில் பெரும்பாலோர் பட்டினியில் செத்துவிழ, ஒரு சிலரோடு உயிர் மீண்டு வந்தவர். குளிர் என்ன செய்யும் என்பதை அவரைவிட அறிந்தவர் அமெரிக்காவில் அதிகம் இருந்திருக்க முடியாது. வடமேற்கு மாகாணங்களுக்கான முன்னறிவிப்பைச் செயின்ட் பால் நகரிலிருந்து லெஃப்டினன்ட் தாமஸ் வுட்ரஃப் எழுதினார்.

அவர்களிடம் எச்சரிக்கைக்கு ஒரு வார்த்தை இருந்தது: 'குளிர் அலை'. இத்தனை மணி நேரத்தில் இத்தனை டிகிரி இறங்கினால் குளிர் அலை என்று இலக்கணம் வகுத்திருந்தார்கள். வெள்ளைத் துணியின் நடுவில் கறுப்புச் சதுரம், அதுதான் கொடி. தந்தி வந்ததும் ஊர்களில் அதை ஏற்ற வேண்டும். வுட்ரஃப் குளிர் அலையை எதிர்பார்த்தார், எச்சரித்தும் அனுப்பினார். தந்தி போய்ச் சேர்வதற்குள் பல இடங்களில் புயல் முந்திக்கொண்டுவிட்டது. சேர்ந்திருந்தாலும், தந்தி நிலையத்திலிருந்து பத்து மைல் தள்ளி மண் வீட்டில் இருக்கிறவன் கொடியை எப்படிப் பார்ப்பான்? கொடி ரயில்காரர்களுக்கும் சரக்கு அனுப்பும் வியாபாரிகளுக்கும் பயன்பட்டது. பழம் உறைந்துவிடாமல், மாடு சாகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே வார்த்தையின் பிரச்சினை வருகிறது. 'குளிர் அலை' தெர்மாமீட்டரின் வார்த்தை. வெப்பம் இறங்கும் என்பதைச் சொல்கிறது. காற்று அறையும், கண் மூடும், வாசலுக்கும் கொட்டிலுக்கும் நடுவே திசை அழியும் என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்கிற வார்த்தை ஜனங்களிடம் இருந்தது. அரசாங்கமும் அதைப் பன்னிரண்டு வருஷம் முன்பே 'உள்ளூர்ப் பேச்சு' என்று குறித்து வைத்திருந்தது. எச்சரிக்கையின் பாஷைக்குள் மட்டும் அது நுழையவில்லை. சரியான வார்த்தையைப் போட்டிருந்தால் குழந்தைகள் பிழைத்திருப்பார்கள் என்று நான் வாதிக்க மாட்டேன். தந்தி தாமதமாகப் போனால் எந்த வார்த்தையும் தாமதம்தான். நான் சொல்வது வேறு. அறிந்தவனின் வார்த்தையும் அனுபவித்தவனின் வார்த்தையும் தனித்தனியே இருந்த ஒரு நாளில் நடந்தது இது.

இந்த வார்த்தையை விரும்பாதவர்களும் இருந்தார்கள். ரயில் கம்பெனிகளும் நில வியாபாரிகளும், டகோட்டாவின் குளிர் உலர்ந்த குளிர், உடம்பில் உறைக்காது என்று துண்டுப் பிரசுரம் போட்டு ஆட்களை அழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பிரசுரங்களுக்குப் பொருந்துகிற வார்த்தை இல்லை இது.

5

இரண்டே மாதம் கழித்து மார்ச் 11ந் தேதி நியூயார்க்கில் மழை ஆரம்பித்து, நள்ளிரவில் பனியாக மாறி, 14ந் தேதி வரை அடித்தது. நகரில் 21 அங்குலம் பனி. நியூ ஹேவனில் 45 அங்குலம். கிழக்குக் கரை முழுவதுமாக 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் சுமார் 200 பேர் நியூயார்க் நகரத்தில். முன்னாள் செனட்டர் ராஸ்கோ காங்க்லிங் வால் தெருவிலிருந்து வீட்டுக்கு நடந்தே போகப் பார்த்து யூனியன் ஸ்கொயர் பக்கம் விழுந்தார். அடுத்த மாதம் இறந்துபோனார். தந்திக் கம்பிகள் அறுந்ததால் நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கு லண்டன் வழியாக, கடலடிக் கேபிளில், செய்தி போயிற்று.

பலன்கள் உடனே தெரிந்தன. நியூயார்க்கின் கம்பிகள் பூமிக்கடியில் போயின. சுரங்க ரயில் வேண்டும் என்ற பேச்சு பலப்பட்டு 1904ல் ரயிலே ஓடியது. 1891ல் வானிலைத் துறை ராணுவத்தின் கையிலிருந்து விவசாயத் துறைக்கு மாறிற்று. வார்த்தைக்கும் ஒரு பலன். 'மகா ப்ளிஸ்ஸர்ட்' என்று இன்று அமெரிக்கச் சரித்திரப் புத்தகங்களில் பார்த்தால் அது நியூயார்க்கைத்தான் குறிக்கும். பெயரைப் பெற்றெடுத்த சமவெளிக்குக் 'குழந்தைகளின்' என்ற அடைமொழி மிஞ்சியது. ஒரு வட்டார வார்த்தை தலைநகரத்தின் பத்திரிகைகளுக்குள் போனதும் மேற்கோள் குறி விழுந்துவிடுகிறது. கூடவே வட்டாரமும் விழுந்துவிடுகிறது. எந்த பாஷையிலும் இதுதான் நடக்கிறது.

அந்த மார்ச் மாதத்தில் நியூயார்க்கில் நாடு கடந்து வாழ்ந்துகொண்டிருந்த ஒரு கவிஞரை இங்கே சொல்ல வேண்டும். க்யூபாவின் ஹோஸே மார்த்தி. லத்தீன் அமெரிக்க நவீன கவிதையின் முன்னோடி. புயல் ஓய்ந்த கையோடு 'பனிக்கடியில் நியூயார்க்' என்று ஒரு கட்டுரை எழுதி ப்வேனோஸ் ஐரெஸின் 'லா நாஸியோன்' பத்திரிகைக்கு அனுப்பினார். பனையும் கரும்பும் பார்த்து வளர்ந்தவர், ஸ்பானிஷில், தென் அமெரிக்க வாசகர்களுக்கு எழுதுகிறார். அவர் பாஷையில் இந்தப் புயலுக்கென்று பிறந்த வார்த்தை இல்லை. அதனால் பார்த்ததை வர்ணிக்க வேண்டியிருக்கிறது. பெயர் இருக்கிறவன் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான். இல்லாதவன் நின்று பார்க்கிறான். நியூயார்க் பத்திரிகைகளின் தலைப்பு எழுத்துக்களைவிட அந்தக் கட்டுரை நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

6

பிறகு வார்த்தை பிரயாணம் போயிற்று. 1891 மார்ச்சில் இங்கிலாந்தின் டெவன், கார்ன்வால் பகுதிகளை ஒரு பனிப்புயல் தாக்கியபோது, அதைப் பற்றி வந்த புத்தகத்தின் தலைப்பிலேயே இந்த அமெரிக்க வார்த்தை ஏறிவிட்டது. 1912 மார்ச்சில் அன்டார்க்டிகாவில், ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த ஓட்ஸ், மற்றவர்களுக்குப் பாரமாக இருக்க விரும்பாமல் கூடாரத்தை விட்டு ப்ளிஸ்ஸர்டுக்குள் நடந்து மறைந்தார். அதே கண்டத்தில் வருஷ சராசரியே மணிக்கு சுமார் 50 மைல் வேகத்தில் காற்று வீசிய ஓரிடத்தில் முகாமிட்டிருந்த மாஸன், 1915ல் தன் புத்தகத்துக்கு 'ப்ளிஸ்ஸர்டின் வீடு' என்று பெயர் வைத்தார். அயோவாவில் பிறந்ததற்கு உலகத்தின் அடியில் வீடு.

முன்னோக்கிப் போனது போலவே பின்னோக்கியும் போயிற்று. பூஷ்கின் 1830ல் எழுதிய கதை 'மெத்தேல்'. பனிப்புயலில் வழி தப்பிய மணமகனையும் சர்ச்சில் நடந்துவிட்ட தவறான கல்யாணத்தையும் பற்றியது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அதன் தலைப்பு வெறும் பனிப்புயல், பிந்தியவற்றில் 'ப்ளிஸ்ஸர்ட்'. பூஷ்கின் எழுதிய வருஷத்தில் அந்த ஆங்கில வார்த்தைக்கு அடி, அறை என்றுதான் பொருள். ருஷ்யர்களுக்கோ மெத்தேல், புரான், பூர்கா என்று தனித்தனிப் பெயர்கள் வெகுகாலமாக இருந்தன. ஆங்கிலம் பிந்தி வந்து, தன் ஒரே வார்த்தையை எல்லாவற்றின் மேலும் போர்த்துகிறது.

கடைசியில் அரசாங்கமும் வார்த்தையை ஏற்று அளந்தது. அமெரிக்க வானிலைத் துறையின் இன்றைய இலக்கணப்படி மணிக்கு 35 மைலோ அதற்கு மேலோ காற்று. பனியால் பார்வை கால் மைலுக்குக் கீழ் குறைய வேண்டும். இரண்டும் மூன்று மணி நேரம் நீடிக்க வேண்டும். முன்பு 20 டிகிரி ஃபாரன்ஹீட் என்று வெப்பத்துக்கும் ஒரு வரம்பு இருந்தது. பின்னால் அதை எடுத்துவிட்டார்கள். புதுப் பனி விழ வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தரையில் கிடப்பதைக் காற்று கிளப்பினாலே போதும். கனடாவில் 40 கிலோமீட்டர் காற்று, 400 மீட்டர் பார்வை, நாலு மணி நேரம். யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. குளிரும் போய், பொழிகிற பனியும் போய், இலக்கணத்தில் மிஞ்சுவது காற்றின் அறையும் கண்ணின் குருடும். விஞ்ஞானம் சுற்றி வந்து எஸ்தர்வில்காரர்கள் சொன்ன இடத்திலேயே நிற்கிறது.

வியாபாரமும் அதை விட்டுவைக்கவில்லை. 1985ல் டெய்ரி க்வீன் கடைகளில் கெட்டியான ஒரு ஐஸ்க்ரீமுக்கு இந்தப் பெயர் வைத்தார்கள். கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டித் தருவது வழக்கம், கீழே விழாது. 1994ல் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனி தனக்கு இதையே பெயராக வைத்துக்கொண்டது. பையன்கள் கையில் கோப்பையோடு அந்த வார்த்தையைச் சொல்கிறார்கள். இதில் புலம்ப ஒன்றுமில்லை. வார்த்தைகள் கல்லறைகளாக இருக்க முடியாது. ஆனால் பழக்கத்தால் மழுங்கிய வார்த்தையை எச்சரிக்கைக்குப் பயன்படுத்தும்போது என்ன ஆகும் என்ற கேள்வி விளையாட்டில்லை.

7

2022 கிறிஸ்துமஸ் சமயம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரை ஒரு ப்ளிஸ்ஸர்ட் தாக்கிற்று. இந்த முறை தந்தி தாமதமில்லை. வானிலைத் துறை பல நாள் முன்பே, சரியான வார்த்தையோடு, எச்சரித்தது. வண்டி ஓட்டக் கூடாது என்ற தடையோ டிசம்பர் 23 காலையில், புயல் வந்து சேர்ந்த வேளையில்தான் வந்தது. பலர் அதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். ப்ளிஸ்ஸர்ட் நிலை 37 மணி நேரம் நீடித்தது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள்: காரில், தெருவில், சூடாக்க வழியற்ற வீட்டில், ஆம்புலன்ஸ் வராமல். இறந்தவர்களில் கறுப்பர்கள் அவர்களுடைய ஜனத்தொகை விகிதத்துக்கு மேல். 1888ல் அனுபவித்தவனிடம் இருந்த வார்த்தை அறிவிப்பவனிடம் இல்லை. 2022ல் அறிவிப்பவனிடம் இருந்தது. கேட்டவர்களில் பலர் அதே பெயரில் எத்தனையோ புயல்களைக் கண்டு பிழைத்தவர்கள். தவிர, லீவு போடச் சௌகரியம் இல்லாதவர்கள்.

தமிழில் இதைப் 'பனிப்புயல்' என்கிறோம். இரண்டு தெரிந்த வார்த்தைகளை ஒட்டிச் செய்தது. பனியை நாம் அறிவோம், மார்கழிப் புல்லில். புயலை அறிவோம், ஐப்பசி கார்த்திகைக் கடற்கரையில். இரண்டையும் கூட்டினால் ப்ளிஸ்ஸர்ட் வந்துவிடுமா? வராது. நமக்கு வரவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் நம் பழைய பாஷையில் பனித்தல் என்றால் நடுங்குதல், கண்ணீர் துளித்தல் என்றும் பொருள். 'கண் பனித்தது' என்று இன்றும் எழுதுகிறோம். பொருளுக்கும் உடம்புக்கும் நடுவே பிளவு விழாத காலத்தில் உண்டான வார்த்தை. வெளியே விழுவதும் உள்ளே நடுங்குவதும் அதில் ஒன்று.

எஸ்தர்வில்லில் அந்தப் பெயரை முதலில் சொன்னது எல்லிஸோ வேறு யாரோ, அவர் செய்ததும் அதுதான். வானத்தைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. முகத்தில் விழுந்த அடிக்குப் பெயர் வைத்தார்.